போர்தோ சிவப்பு ஒயினை ஏன் பல திராட்சைகள் கலந்து செய்கிறார்கள்?

முதல் காரணம், வானிலையை நம்ப முடியாது. பிரான்சின் போர்தோ அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறுவடை நேரத்தில் மழை கொட்டினாலும் கொட்டும். மெர்லோ திராட்சை சீக்கிரம் பழுத்துவிடும், கபர்னே சோவின்யோன் தாமதமாகத்தான் பழுக்கும். இரண்டையும் நட்டு வைத்தால், ஒன்று காலை வாரினாலும் மற்றது கைகொடுக்கும்.

அப்புறம் மண். ஜிரோந்து கழிமுகத்தின் இடது கரையில், மெதோக் பகுதியில் கூழாங்கல் நிலம். தண்ணீர் தேங்காது, கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். மெதுவாகப் பழுக்கும் கபர்னேக்கு அதுதான் வேண்டும். வலது கரையில் பொமெரோல் பக்கம் குளிர்ந்த களிமண், அங்கே மெர்லோதான் ராஜா.

சரி, சுவை? கபர்னே பாலில்லாத கடுந்தேநீர் மாதிரி நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. மெர்லோ அதை மென்மையாக்கும். பெத்தி வெர்தோ என்ற மூன்றாவது வகையை, சாம்பாருக்குப் பெருங்காயம் போல, துளிதான் சேர்ப்பார்கள்.

பொதுவாக ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக நொதிக்க வைத்து, பிறகு ருசி பார்த்துக் கலப்பார்கள். அதனால் ஒரே தோட்டத்தின் ஒயினிலும் ஆண்டுக்கு ஆண்டு விகிதம் மாறும். பாட்டிலின் முன்பக்கத்தில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும்.