சளியே பிடிக்காத அக்காவுக்குப் புற்றுநோய் எப்படி?

அன்புள்ள ஐயா,

எனக்கு அடிக்கடி ஃப்ளூ வரும், ஒரு வாரத்தில் போயும் விடும். என் அக்கா நேர் எதிர். அவளுக்குச் சளி பிடித்தே நான் பார்த்ததில்லை. அவளுக்கு இப்போது நுரையீரல் புற்றுநோய். அவ்வளவு எதிர்ப்புச் சக்தி உள்ளவளுக்கு இது எப்படி வந்தது? டாக்டர் இம்யூனோதெரபி கொடுக்கலாம் என்கிறார். டி செல்லின் பிரேக்கை எடுத்துவிடும் மருந்தாம். அப்படியானால் அந்தப் பிரேக்கை எல்லோருக்கும் முன்கூட்டியே எடுத்துவிட்டால் என்ன? அசட்டுக் கேள்வி என்றால் மன்னிக்கவும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அசட்டுக் கேள்வி இல்லை. ஆனால் ‘எதிர்ப்புச் சக்தி’ என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு. ஏதோ டாங்கில் இருக்கும் பெட்ரோல் போல, சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம் என்று நினைக்க வைத்துவிடுகிறது. அக்காவுக்குச் சளி பிடிக்காததை வைத்து அவருடைய டி செல்கள், அதாவது கெட்டுப்போன செல்களைத் தேடிக் கொல்லும் வெள்ளணுக்கள், புற்றை என்ன செய்யும் என்று சொல்லவே முடியாது.

நம் செல்கள் கிட்டத்தட்ட எல்லாமே, உள்ளே தயாராகும் புரதங்களின் துணுக்குகளை வெளியே ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு துணுக்கும் எட்டு முதல் பத்து அமினோ அமில நீளம்தான். ஏந்தி நிற்கும் தட்டுக்கு எம்எச்சி என்று பெயர். டி செல் துணுக்கை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை, தன் உடம்பின் தட்டில் அது இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. 1970களில் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் எலிகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். 1996இல் நோபல் பரிசு வந்தது.

தட்டில் வைரஸின் துணுக்கு தெரிந்துவிட்டால், டி செல் அந்தச் செல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதன் உள்ளே இருக்கும் குட்டிப் பைகள் எல்லாம் ஒட்டிய பக்கமாக நகர்ந்து வரும். அவற்றிலிருந்து கொட்டும் பெர்ஃபோரின் எதிரே இருக்கும் சவ்வில் துளை போடும். அப்புறம் கிரான்சைம் உள்ளே நுழைந்து, அந்தச் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும்படி செய்துவிடும். வெடிப்பதெல்லாம் இல்லை. செல் சுருங்கித் துண்டு துண்டாகும், துப்புரவுச் செல்கள் வந்து விழுங்கிவிடும். டி செல் கழன்றுகொண்டு அடுத்ததைத் தேடிப் போய்விடும்.

சில வைரஸ்கள் தட்டையே ஒளித்துவிடும். புற்றுச் செல்களும் இதே தந்திரத்தைச் செய்வதுண்டு. அப்படித் தட்டைக் காட்டாதவற்றைக் கொல்வதற்கென்றே ‘இயற்கைக் கொலையாளி’ செல்கள் என்று வேறொரு கூட்டம் இருக்கிறது.

இப்போது ஃப்ளூவுக்கு வருவோம். வைரஸின் புரதம் நமக்கு முற்றிலும் அந்நியம். தொற்றிய செல்கள் உடனே இன்டர்ஃபெரான் என்ற அபாயச் செய்தியை அனுப்பிவிடும். காய்ச்சலும் உடம்புவலியும் பெரும்பாலும் இந்த அமளியால் வருபவைதான். டி செல்கள் மளமளவென்று பெருகி, வேலை முடிந்ததும் பெரும்பகுதி செத்துவிடும். கொஞ்சம் மட்டும் நினைவுக்காக மிஞ்சும்.

புற்றில் இந்த அமளி இருப்பதில்லை. அது நம் செல்லேதான். பிறழ்ந்த புரதங்கள் சில இருக்கலாம், பெரும்பாலும் அவ்வளவுதான் வித்தியாசம். தவிர, வருஷக்கணக்கில் மெதுவாக வளர்கிறது. அதே துணுக்கை நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருக்கும் டி செல் சோர்ந்துபோய்விடுகிறது. கட்டிக்குள்ளேயே இருக்கும், ஆனால் கொல்லாது.

இந்தச் சோர்வு முதலில் பிடிபட்டது புற்றுநோயில் அல்ல, வைரஸில். உடம்பை விட்டுப் போகாத எல்சிஎம்வி வைரஸ் தொற்றிய எலிகளில், சோர்ந்த டி செல்களின் மேல் பிடி-1 என்ற புரதம் ஏராளமாக இருந்தது. கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் குழு 1992இல் கண்டுபிடித்த புரதம் அது. உங்கள் டாக்டர் சொல்லும் பிரேக் அநேகமாக இதுதான். அந்தப் பிரேக்கைத் தடுத்ததும் எலிகளின் சோர்ந்த டி செல்கள் மறுபடி வேலை செய்தன. இது 2006இல் வெளியானது. 2018இல் ஹோஞ்சோவும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனும் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சரி, பிரேக் எதற்கு? எல்சிஎம்வியை எலியின் மூளையில் செலுத்தினால் எலி செத்துவிடும். ஆனால் டி செல் இல்லாத எலி பிழைத்துக்கொள்ளும்! அங்கே கொல்வது வைரஸ் அல்ல, வைரஸைத் துரத்தும் டி செல். ‘உடம்பின் போர்வீரர்கள்’ என்று நானே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். இந்தச் சோதனையைப் படித்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

முன்கூட்டியே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டீர்கள். அதையும் ஹோஞ்சோவின் குழு எலிகளில் செய்து பார்த்தது. பிடி-1 மரபணுவை நீக்கிய எலிகளில் ஒரு வகைக்கு மூட்டும் சிறுநீரகமும் கெட்டன, இன்னொரு வகைக்கு இதயம் வீங்கித் தளர்ந்தது. தாக்கியது அவற்றின் சொந்த எதிர்ப்பு அமைப்புதான். புற்று இருப்பவருக்கு இந்த அபாயத்தை எடுத்துப் பார்க்கலாம், நலமாக இருப்பவருக்கு எதற்கு?

அக்காவுக்கு இந்த மருந்து பலிக்குமா என்று என்னால் சொல்ல முடியாது, எல்லோருக்கும் பலிப்பதில்லை. கட்டியில் பிடி-எல்1 (பிடி-1 என்ற பிரேக்கை அழுத்தும் புரதம்) எவ்வளவு இருக்கிறது என்று சோதித்திருப்பார்கள், டாக்டரிடம் கேளுங்கள். மருந்து தொடங்கிய பிறகு வயிற்றுப்போக்கு, புதிதாக மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தாங்க முடியாத அசதி என்று எது வந்தாலும் ‘சாதாரணம்தானே’ என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் ஆன பிறகும்கூட இவை வரலாம்.