மின்துடிப்போடு கீமோ கொடுத்தால் கட்டி கரைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? எப்படி வேலை செய்கிறது?

கரையும். ஆனால் கட்டியைக் கொல்வது கரண்ட் இல்லை, மருந்துதான். "ஷாக் வைத்துக் கட்டியைப் பொசுக்குகிறார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள்; அது தவறு. நான் டாக்டர் இல்லை. செல்களுக்கு மின்துடிப்பு கொடுக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். அந்த அளவில் சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சைக்கு எலக்ட்ரோகீமோதெரபி என்று பெயர். இதில் அதிகம் பயன்படுவது ப்ளியோமைசின் என்ற பழைய மருந்து. செல்லுக்குள் போய்விட்டால் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் அறுத்துப் போடும். சிக்கல் என்னவென்றால், அது உள்ளேயே போகாது. தண்ணீரில் கரையும் பெரிய மூலக்கூறு என்பதால் கொழுப்பாலான செல் சவ்வு அதை வெளியிலேயே நிறுத்திவிடும். அங்கேதான் மின்துடிப்பு வருகிறது: சென்டிமீட்டருக்குச் சுமார் 1000 வோல்ட், ஒவ்வொரு துடிப்பும் 100 மைக்ரோ செகண்ட், மொத்தம் 8 துடிப்பு. சவ்வில் நுண்துளைகள் விழும், மருந்து உள்ளே போகும், சில நிமிடங்களில் துளைகள் தாமாக மூடிக்கொள்ளும்.

இதை நுண்ணோக்கியில் பார்ப்பது தனி அனுபவம். புரோப்பிடியம் அயோடைடு என்ற சாயம் முழுதான சவ்வுக்குள் நுழையாது. டிஎன்ஏவைத் தொட்டால் சிவப்பாக ஒளிரும். துடிப்புக்கு முன் செல்கள் இருட்டாகக் கிடக்கும். துடிப்பு போனதும் ஒவ்வொன்றாகச் சிவக்கத் தொடங்கும்.

ஆய்வகச் செல்களில் ப்ளியோமைசினின் வீரியம் இப்படிப் பல நூறு மடங்கு கூடுகிறது, சில வகைகளில் ஆயிரத்தையும் தாண்டும். சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்துக்கும் பலன் உண்டு, ஆனால் அவ்வளவு இல்லை. தானாகவே செல்லுக்குள் போய்விடும் மருந்துகளோடு கரண்ட் சேர்த்துப் பெரிய லாபமில்லை. அதனால் "எந்த கீமோவோடும் சேர்க்கலாமா?" என்றால், கூடாது.

நோயாளிக்குச் செய்யும்போது மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றிவிட்டு 8 நிமிடம் காத்திருப்பார்கள், திசுவில் பரவ. பிறகு கட்டியின் மேல் ஊசி அல்லது தகடு வடிவ எலக்ட்ரோடை (கரண்ட்டைச் செலுத்தும் முனை) வைத்துத் துடிப்பைச் செலுத்துவார்கள். தசை வெடுக்கென்று இழுக்கும். அதனால்தான் மரத்துப்போக ஊசியோ மயக்க மருந்தோ தருகிறார்கள். துடிப்பால் கட்டிக்குப் போகும் ரத்தநாளங்களும் சுருங்கி ரத்த ஓட்டம் குறையும். உள்ளே போன மருந்து அங்கேயே தங்குவதற்கு இது உதவுகிறது, ரத்தம் கசியும் கட்டிகளில் கசிவும் நிற்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான், ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. மருந்து புகுந்த செல்கள் பெரும்பாலும் இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் சாகின்றன. அதனால் கட்டி உடனே மறையாது, வாரக்கணக்கில் காய்ந்து பொருக்காகி உதிரும். பக்கத்துத் திசுவில் பிரியும் செல்கள் குறைவு, அது பெரும்பாலும் தப்பிவிடும்.

1991-ல் பாரிஸுக்கு அருகே குஸ்தாவ் ரூசி நிலையத்தில் லூயி மீரின் குழு முதல் மருத்துவப் பரிசோதனை முடிவை வெளியிட்டது. 2006-ல் வந்த ஐரோப்பிய ஆய்வில், தோலிலும் தோலடியிலும் இருந்த கட்டிகளில் சுமார் 85 சதவீதம் சுருங்கின அல்லது மறைந்தன. முழுதாக மறைந்தவை மட்டும் 74 சதவீதம் அளவுக்கு.

இந்த எண்ணைப் பார்த்துப் புற்றுநோயே குணமாகும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எலக்ட்ரோடு தொட்ட இடத்தில் மட்டும்தான் பலன். மெலனோமா என்ற தோல் புற்று, மார்பகப் புற்று போன்றவை தோலில் பரவிப் புண்ணாகி, வலித்து, நாறும்போது அந்த இடத்தைச் சரிசெய்ய அருமையான வழி. உள்ளே வேறு உறுப்புக்குப் பரவியதை அது தொடாது. 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் நன்றாகக் கேட்கும், பெரியவை அவ்வளவாகக் கேட்காது. கல்லீரல் போன்ற ஆழமான இடங்களில் நீண்ட ஊசிகள் வைத்து, துடிப்பை இதயத் துடிப்போடு ஒத்திசைத்துச் செய்கிறார்கள்.

ப்ளியோமைசின் நுரையீரலில் தழும்பு உண்டாக்கக்கூடிய மருந்து. ஏற்கனவே நுரையீரல் நார்த்தழும்பு இருந்தாலோ, முன்பு இதே மருந்தை நிறைய ஏற்றியிருந்தாலோ, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலோ டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதையும்.