திரையில் கட்டைச் செருப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எர்மன்னோ ஓல்மியின் 1978 இத்தாலியப் படத்தில், மகனின் கட்டைச் செருப்பு உடைந்துபோக, அப்பா பண்ணையாரின் மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டி, இரவிலேயே புதிது செதுக்குகிறார். பச்சை மரம் தாங்குமா?

பதில்: செதுக்கப் பச்சை மரம்தான் சரி. பாப்லர், வில்லோ போன்ற மென்மரம் ஈரமாக இருந்தால் கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும். காய்ந்ததைச் செதுக்கினால் கை ஓய்ந்துவிடும். சிக்கல் பிறகுதான். நுனியிலும் குதியிலும் ஈரம் முதலில் வெளியேறுவதால் அங்கேதான் விரிசல் விடும். கட்டையை நடுவே பிளந்து, உள்தண்டை (மரத்தின் நட்டநடுவே ஓடும் மென்பகுதி) அறவே நீக்கிவிட வேண்டும். அது இருந்தால் வெடிப்பு நிச்சயம். பிறகு நிழலில் சில வாரம் மெதுவாகக் காய வேண்டும். அடுப்போரம் வைத்தால் போச்சு! நீளம் சுருங்காது, அகலம்தான் சுருங்கும். அதனால் பக்கவாட்டில் சற்றுத் தாராளமாக விடுங்கள். மரம் வளையாது என்பதால் விரல் பக்கம் மேல்நோக்கித் தூக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் குதி கழன்று வரும்.

அந்த அப்பாவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வழியில்லை. மறுநாள் பள்ளி!

கேள்வி: கிடானோவின் ஜப்பானியப் படம் ‘ஜடோய்ச்சி’ (2003) முடிவில் கெட்டா (அடியில் முன்னும் பின்னும் பல்போல் கட்டை வைத்த ஜப்பானியச் செருப்பு) போட்டு ஆடுகிறார்களே, கழன்று விழாதா?

பதில்: வார்தான் பிடி. முன்னால் ஒரு துளை, பின்பல்லுக்குச் சற்று முன்னே இரண்டு; மூன்றிலும் வாரை நுழைத்து அடியில் முடிச்சிடுவார்கள். விரலிடுக்கை வாரில் முட்டக் கொடுத்தால் தோல் உரியும். கொஞ்சம் இடைவெளி விட்டு விரலால் கவ்வ வேண்டும். குதி பலகைக்கு வெளியே சற்று நீண்டிருப்பது அளவுப் பிழையல்ல, முறையே அதுதான்.