சுங்க வருவாயை ஈடு காட்டி ஒரு அரசு வாங்கிய கடன், நாடுகளுக்கு இடையே தகராறாக முற்றுவது ஏன்?

வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். கடனாளி கட்டாமல் போவதுகூட அவ்வளவு பெரிய தலைவலி இல்லை. ஒரே சொத்தின் மேல் நாலு பேர் கடன் கொடுத்துவிட்டு, யாருக்கு முதல் உரிமை என்று மோதிக்கொள்வார்களே, அதுதான் தலைவலி. நாடுகளின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

முதலில், சுங்கத்தை ஏன் ஈடாகக் கேட்டார்கள்? நிலவரி ஊர் ஊராக வசூலாகி, வழியெல்லாம் கரைந்துதான் கஜானாவுக்கு வரும். சுங்கமோ இரண்டு மூன்று துறைமுகங்களில் ரொக்கமாக விழும். தவிர, துறைமுகம் வரை போர்க்கப்பல் போகும். பத்திரத்தில் இதை யாரும் எழுத மாட்டார்கள், அவ்வளவுதான்.

வெனிசுவேலாவைப் பாருங்கள். பழைய பத்திரக் கடன், உள்நாட்டுப் போரில் வெளிநாட்டவருக்கு நேர்ந்த நஷ்டம் என்று பாக்கி குவிந்திருந்தது. அதிபர் சிப்ரியானோ காஸ்ட்ரோ மசியவில்லை. 1902 டிசம்பரில் பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் துறைமுகங்களை முற்றுகையிட்டன. புவெர்தோ கபெல்லோ கோட்டைகள் மேல் குண்டு விழுந்தது. 1903 பிப்ரவரியில் வாஷிங்டனில் உடன்பாடு: லா குவைரா, புவெர்தோ கபெல்லோ இரண்டிலும் வரும் சுங்கத்தில் 30 சதவீதம் கடன்காரர்களுக்கு. தவறினால் அந்த இரண்டு இடத்திலும் பெல்ஜிய அதிகாரிகள் வந்து வசூலுக்கு உட்காரலாம்.

அடுத்த சண்டை இங்கேதான் ஆரம்பம். அமெரிக்கா, பிரான்ஸ், ஸ்பெயின் முதலிய நாடுகளுக்கும் பாக்கி இருந்தது. அவர்கள் கப்பல் அனுப்பவில்லை. "எல்லாருக்கும் சமமாகப் பிரியுங்கள்" என்றார்கள். முற்றுகையிட்ட மூவரோ "எங்களுக்குத்தான் முதலில்" என்றார்கள். வழக்கு ஹேக் நடுவர் மன்றத்துக்குப் போனது. 1904 பிப்ரவரி 22 அன்று வந்த தீர்ப்பு, முற்றுகையிட்டவர்களுக்கே முன்னுரிமை! பொறுமையாக இருந்தவன் வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். எந்த வங்கிக்காரனும் இதைப் படித்துவிட்டு, அடுத்த முறை நாமும் ஒரு கப்பலை அனுப்பிவைப்போம் என்றுதான் நினைப்பான்.

அர்ஜென்டினாவின் வெளியுறவு அமைச்சர் லூயிஸ் மரியா திராகோ முற்றுகை நடக்கும்போதே, அரசின் கடனை வசூலிக்க ஆயுதம் எடுக்கக் கூடாது என்று வாஷிங்டனுக்கு எழுதினார். 1907 ஹேக் மாநாடு அதைப் பாதி ஏற்றது: கடனாளி நாடு நடுவர் விசாரணைக்கு மறுத்தாலோ, தீர்ப்பை நிறைவேற்றாவிட்டாலோ மட்டும் படைபலம். அமெரிக்கா வேறு வழி பிடித்தது. 1905 முதல் டொமினிக்கன் குடியரசின் சுங்கத்தைத் தானே வசூலித்து, 45 சதவீதத்தை அந்த அரசுக்குக் கொடுத்து, மீதியைக் கடனுக்கு ஒதுக்கியது. சுங்கத்தின் மேலிருந்த இந்தப் பிடி விட 1941 ஆயிற்று.

என்னைக் கேட்டால் சீனாதான் இன்னும் மோசம். 1911 புரட்சிக்குப் பிறகு சுங்க வசூல் வெளிநாட்டு வங்கிகளில் போய்ச் சேர்ந்தது. வெளிநாடுகளுக்குக் கட்ட வேண்டிய கடனும் நஷ்டஈடும் போக மிஞ்சுவது, வல்லரசுகள் அங்கீகரித்த பெய்ஜிங் அரசுக்கு. தெற்கே கான்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகம், அங்கே தனி அரசு நடத்திய புரட்சித் தலைவர் சுன் யாட்சென் கையில் இருந்தது. அங்கே வசூலான பணமோ அவருடைய எதிரிக்குப் போனது. எங்கள் பங்கைக் கொடுங்கள், இல்லாவிட்டால் சுங்கத்தை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று 1923-இல் அவர் கேட்டார். அவர் யாரிடமும் கடன் வாங்கியதற்காக வந்த தகராறு இல்லை இது. ஆனாலும் அந்த டிசம்பரில் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் கான்டனில் வந்து நின்றன. சுங்கம் பழைய கைகளிலேயே இருந்தது.