26 நொடி ஃபிலிமை எப்படிப் படிப்பது? – கேள்வி பதில்

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதை, ஆபிரகாம் சப்ரூடர் என்ற ஆடைத் தொழிலதிபர் தன் வீட்டு கேமராவில் எடுத்துவிட்டார். அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள். பழைய ஃபிலிம் சுருள்களை டிஜிட்டலுக்கு மாற்றுவது என் வேலை.

அண்ணா, கண்ணெதிரே படம் இருக்கிறது. அப்புறம் ஏன் 60 வருடமாகச் சண்டை?

8 மி.மீ. ஃபிலிமை ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தால் புரியும். ஒரு ஃபிரேமின் அகலம் 5 மி.மீ. கூட இருக்காது, ஓர் அரிசி மணி அளவுதான். கார் தள்ளிப் போகிறது, கேமரா கையில் ஆடுகிறது, ஒலி கிடையாது. போதாததற்கு, முதல் காயம் பட்டிருக்கக்கூடிய அந்த நேரத்தில் ஒரு சாலைப் பலகை குறுக்கே வந்துவிடுகிறது. கென்னடி அதன் பின்னால் மறைகிறார். வெளியே வரும்போது கைகள் கழுத்தை நோக்கி உயர்ந்துகொண்டிருக்கின்றன. நடுவில் நடந்தது ஃபிலிமில் இல்லை.

சத்தமே இல்லாத படத்தை வைத்து எத்தனை குண்டு என்று எப்படிச் சொன்னார்கள் சார்?

படத்தைக் கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள். அந்தக் கேமரா நொடிக்கு 18.3 ஃபிரேம் ஓடியது என்று எஃப்.பி.ஐ. சோதித்துச் சொன்னது. கொலையாளி என்று குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்வால்டின் துப்பாக்கியில் ஒரு குண்டு சுட்டு அடுத்ததைச் சுடக் குறைந்தது 2.3 நொடி வேண்டும், அதாவது 42 ஃபிரேம். கென்னடிக்கு முதலில் காயம் பட்டது 210வது ஃபிரேமுக்கும் 225வது ஃபிரேமுக்கும் இடையில் என்று, கொலையை விசாரித்த அரசுக் குழுவான வாரன் ஆணையம் கணித்தது. அதே காரில் முன்னால் உட்கார்ந்திருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலி 240க்குப் பிறகு அடிபட்டிருக்க முடியாது. கழித்துப் பாருங்கள், மிஞ்சிப்போனால் 30 ஃபிரேம். ஒரே ஆள் அதற்குள் இரண்டு முறை சுட முடியாது. ஆக, ஒன்று இருவரையும் ஒரே குண்டு துளைத்திருக்க வேண்டும், இல்லை என்றால் இரண்டாவதாக ஒருவர் சுட்டிருக்க வேண்டும். இத்தனை வருட வாதத்தின் வேர் இந்தக் கழித்தல் கணக்கில் இருக்கிறது. தன்மேல் பட்டது வேறு குண்டு என்று கானலி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தலையில் குண்டு பட்ட 313வது ஃபிரேமுக்குப் பிறகு தலை பின்னால் சாய்கிறது. அப்படியானால் முன்னாலிருந்து சுட்டதுதானே?

நிறையப் பேர் கேட்டது இதைத்தான். 1975ல் அமெரிக்க தேசியத் தொலைக்காட்சியில் முதன்முறையாகப் படம் ஓடியபோது மக்கள் அதிர்ந்ததும் இதைப் பார்த்துத்தான். ஆனால் தலை சாயும் திசையை வைத்து மட்டும் குண்டு வந்த திசையைச் சொல்ல முடியாது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸ், டேப் சுற்றிய முலாம்பழங்களைச் சுட்டுப் பார்த்தார். சில பழங்கள் துப்பாக்கி இருந்த பக்கமே நகர்ந்தன. அப்படி நடக்க முடியும் என்பதற்கு அது ஆதாரம், டல்லாஸில் அப்படித்தான் நடந்தது என்பதற்கு அல்ல.

எதிர்த்தரப்புக்கும் இதே கதிதான். 312க்கும் 313க்கும் நடுவில் தலை இரண்டு அங்குலம் முன்னால் போகிறது, எனவே குண்டு பின்னாலிருந்து வந்தது என்பார்கள். 313 கலங்கிய ஃபிரேம். கேமரா அசைந்தால் விளிம்புகள் இழுபடும், இழுபட்ட விளிம்பை அளந்தால் நகராததும் நகர்ந்ததாகத் தெரியும். 1967ல் அதை அளந்து எழுதிய ஆய்வாளரே, பிறகு இந்தக் காரணத்தைச் சொல்லி அந்த அளவைக் கைவிட்டார். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. உடற்கூறு அறிக்கை, எக்ஸ்ரே, காயத்தின் வடிவம் இவற்றோடு சேர்த்துப் பார்க்காமல் ஃபிலிமிடம் திசையைக் கேட்கக் கூடாது.

ஃபிலிமை வெட்டி ஒட்டினார்களாமே?

வெட்டு உண்மை. ஃபிலிமை வாங்கிய லைஃப் பத்திரிகையின் ஆய்வகத்தில் 208 முதல் 211 வரையான ஃபிரேம்கள் சேதமாயின. ஆனால் சம்பவத்தன்றே டல்லாஸில் 3 பிரதிகள் எடுத்துவிட்டார்கள், அவற்றில் அந்த ஃபிரேம்கள் இருக்கின்றன. வாரன் ஆணையத் தொகுதியில் 314ம் 315ம் இடம் மாறி அச்சானது, அச்சுப் பிழை என்று எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவரே 1965ல் ஒப்புக்கொண்டார். சந்தேகம் வந்ததற்கு மக்களைக் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் கோடாக்கின் முன்னாள் பொறியாளர் 1998ல் ஆராய்ந்து, இது கேமராவில் ஓடிய அசல் ஃபிலிமே என்று சொன்னார். ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் துளைகளுக்கு நடுவிலும் காட்சி பதிந்திருக்கிறது. சாதாரணப் பிரதியில் அந்தப் பகுதி வராது.

ஸ்ரீபெரும்புதூர் படங்களும் இப்படித்தானா?

அவை வேறு மாதிரி. 1991ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரரின் கேமராவில் கிடைத்தவை 10 ஸ்டில் படங்கள். நொடிக் கணக்கு அதில் கிடையாது, முகம் இருந்தது. மாலையோடு நின்ற பெண்ணும், வெள்ளை குர்தாவில் சிவராசனும் அதில்தான் சிக்கினார்கள். டல்லாஸ் ஃபிலிமில் சுட்டவர் எங்கேயும் இல்லை.

அசல் இப்போது யாரிடம்?

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில். அரசு அதை எடுத்துக்கொண்டதற்காக 1999ல் சப்ரூடர் குடும்பத்துக்கு 1.6 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது. நீங்கள் பார்ப்பதாக இருந்தால் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள் தம்பி, 200ல் நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக 240 வரை நகர்த்துங்கள்.