பேனக்பர்ன் போர்க்களம்: வழிகாட்டியோடு நடப்பது வீண் செலவா?

கேள்வி: ஜூன் கடைசியில் எடின்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறோம். ஸ்டர்லிங் பக்கத்தில் பேனக்பர்ன் போர்க்களத்தை வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் ஏற்பாடு இருப்பதாக மகள் சொல்கிறாள். போய் வந்த ஒருவரோ, "அங்கே வெறும் புல்தான் இருக்கிறது, ஒரு சிலை இருக்கிறது, அவ்வளவுதான்" என்கிறார். என் கணவருக்கு 67 வயது, மூட்டு வலி உண்டு. பேரனுக்குப் பத்து வயது, போர்க் கதை என்றால் உயிர். பணம் கட்டிப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் பணம் கட்டும் முன் வழிகாட்டியிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "சிலை இருக்கும் மேட்டோடு முடித்துவிடுவீர்களா, கீழே தாழ்நிலம் வரை கூட்டிப்போவீர்களா?" மேட்டோடு சரி என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். அதை நீங்களே இலவசமாகப் பார்த்துவிடலாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் பொய் இல்லை. கோட்டைச் சுவரோ, இடிபாடோ, கல்லறையோ அங்கே கிடையாது. 700 ஆண்டுக்கு முன் நடந்த இரண்டு நாள் சண்டை மண்ணின் மேல் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மிச்சம் இருப்பது நிலம் மட்டும்தான். எங்கே மேடு, எங்கே சரிவு, எங்கே ஈரம், ஓடை எந்தப் பக்கம் வளைகிறது என்பதுதான் அங்கே படிக்க வேண்டிய கல்வெட்டு. அதைப் படித்துக் காட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் புல்தான் தெரியும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பேரனுக்கு ரயிலில் சொல்ல உதவும். 1313-இல் ஸ்டர்லிங் கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்தது. அதை முற்றுகையிட்ட ஸ்காட்டியத் தளபதி எட்வர்ட் புரூஸ், கோட்டைத் தலைவர் பிலிப் மௌப்ரேயோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1314 ஜூன் 24-க்குள் ஆங்கிலப் படை உதவிக்கு வராவிட்டால் கோட்டை ஸ்காட்லாந்து வசம். தம்பி கொடுத்த இந்த வாக்கு அண்ணன், ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸுக்குத் தலைவலியாகிவிட்டது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்ட் பெரும்படையோடு கிளம்பிவிட்டார். ஸ்காட்டியர் ஆறேழாயிரம் பேர் இருக்கலாம், ஆங்கிலப் படை அதைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணக்கு. அந்தப் படை கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, ஜூன் 23 அன்று, கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கோட்டை மேட்டிலிருந்து இப்போதும் தெரிகிறது. சிலைக்கு அருகே நின்று வடக்கே பார்த்தால் பாறை மேல் அது உட்கார்ந்திருக்கும். எல்லாச் சண்டையும் இந்த மூன்று கிலோமீட்டர் இடைவெளிக்காகத்தான். குதிரை மேல் புரூஸ் இருக்கும் அந்த வெண்கலச் சிலை பில்கிங்டன் ஜாக்சன் வடித்தது. 1964-இல், போரின் 650-ஆவது ஆண்டில் திறந்தார்கள். நல்ல சிலை, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரிய சண்டை நடந்த இடம் அது இல்லை.

நான் முதல் தடவை போனபோது என்னைக் கூட்டிப்போனவர் சிலையைச் சுற்றியே முக்கால் மணி நேரம் கதை சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். படை மோதியது, ஓடியது, மூழ்கியது எல்லாமே அந்தப் புல்தரையில் நடந்ததாக நம்பிக்கொண்டு வீடு திரும்பினேன். பிறகு வேறொருவரோடு கீழே இறங்கி நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது, நான் பார்த்தது வாசல் மட்டும், வீட்டுக்குள் போகவே இல்லை என்று.

மேட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் முதல் நாளுக்கு உரியதாக வைத்துக்கொள்ளலாம். பழைய சாலை அந்த வழியே காட்டுக்குள் போனது. சாலையோரம் புரூஸ் முழங்கால் ஆழக் குழிகள் வெட்டி, குச்சியும் புல்லும் போட்டு மூடச் சொன்னார். அறுபது ஆண்டு கழித்து இந்தப் போரை நெடும்பாட்டாக எழுதிய ஜான் பார்பர், அந்தக் குழிகள் தேனடை போல இருந்தன என்கிறார். குதிரைப்படையைச் சாலையை விட்டு விலக விடாமல் நெருக்கிக் கொண்டுவர அதுதான் உபாயம்.

ஹென்றி டி போகுன் கதையும் இந்தப் பக்கம்தான். பேரனுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். கவசம் பூண்ட இளம் ஆங்கில வீரன், பெரிய போர்க்குதிரை, நீட்டிய ஈட்டி; எதிரே சின்னக் குதிரையில், கையில் கோடரியோடு மன்னர் புரூஸ். கடைசி நொடியில் விலகி, அங்கவடியில் எழுந்து நின்று, ஒரே வெட்டு. தலைக்கவசத்தோடு மண்டை பிளந்தது, கோடரிக் காம்பும் முறிந்தது. "உயிரைப் பணயம் வைத்தீர்களே" என்று தளபதிகள் கடிந்துகொண்டபோது, நல்ல கோடரி போயிற்றே என்பதுதான் புரூஸின் வருத்தமாக இருந்ததாம். இது பார்பர் சொல்வது. போர் நடந்த தலைமுறையிலேயே எழுதிய ஆங்கிலத் தரப்புக் குறிப்பு வேறு மாதிரி: ஸ்காட்டியரைத் துரத்திக் காடு வரை வந்த போகுன், புரூஸைப் படையோடு கண்டதும் திரும்பிப் போகத்தான் பார்த்தான், புரூஸ் மறித்து வெட்டினார். இரண்டையும் சொல்கிறவரே நல்ல வழிகாட்டி. ஒன்றை மட்டும் அடித்துச் சொல்பவர் மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருப்பார். அதே நாளில் செயின்ட் நினியன்ஸ் என்ற இடத்தின் பக்கம் சுற்றி வந்த ஆங்கிலக் குதிரைப்படை 300 என்கிறார் ஒருவர், 800 என்கிறார் பார்பர். 300 என்று எழுதியவர் தாமஸ் கிரே. அந்தச் சண்டையில் பிடிபட்டவர் அவருடைய அப்பா.

இனி கீழே. இங்கே பேரைக் கொஞ்சம் கவனியுங்கள்: ஸ்காட்லாந்தில் 'பர்ன்' என்றால் ஓடை. பேனக் ஓடைதான் ஊருக்குப் பெயராகி, போருக்கும் பெயராயிற்று. ஃபோர்த் ஆற்றங்கரையில் பரந்து கிடக்கும் களிமண் தாழ்நிலத்தை 'கார்ஸ்' என்பார்கள். முதல் நாள் மாலை ஆங்கிலப் படை ஓடையைத் தாண்டி இந்தக் கார்ஸில் போய்த் தங்கியது. அவ்வளவு குதிரைக்கும் தண்ணீர் வேண்டுமே. அன்றைக்கு அது குட்டைகளும் சேறுமான இடம். பக்கத்து வீடுகளின் கதவுகளையும் உத்தரங்களையும் பிடுங்கிப் பாலமாகப் போட்டுத்தான் கடந்தார்கள். இரவு முழுக்கக் குதிரைகளைச் சேணத்தோடு வைத்திருந்தார்கள், தூக்கம் இல்லை.

மேட்டுநிலம் முடிந்து கார்ஸ் தொடங்கும் விளிம்பில் பால்விடராக் என்ற மரக்கூட்டம் சரிவில் இறங்குகிறது. அதற்குள் ஒற்றையடிப் பாதை உண்டு. இறங்கும்போது உங்கள் கால் சொல்லும்: மேலே கெட்டியான தரை, கீழே வரவரக் குதிகால் அமுங்கும். ஜூன் 24 விடிந்ததும் ஸ்காட்டியர் இந்தச் சரிவில்தான் இறங்கி வந்ததாகப் பலர் கருதுகிறார்கள். சரியான இடம் எது என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. சரிவுக்கு மேலே என்பவர்களும் உண்டு, கார்ஸுக்குள்ளேயே என்பவர்களும் உண்டு. இன்று அங்கே பள்ளிக்கூடம், வீடுகள், நெடுஞ்சாலை, ரயில் பாதை எல்லாம் வந்துவிட்டன. அழகான காட்சி என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இருந்தாலும் இதை நடக்காமல் போரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் யாரையாவது கூட்டிப்போனால் பையில் 12 அடி நீளக் கயிறு ஒன்று வைத்திருப்பேன். ஸ்காட்டியக் காலாட்படையின் ஈட்டி ஏறக்குறைய அந்த நீளம். ஒரு முனையைப் பேரன் கையில் கொடுத்து, மறு முனையைப் பிடித்து நீங்கள் பின்னால் போங்கள். பிறகு தோளோடு தோள் உரச நான்கைந்து பேர் நில்லுங்கள். இதுதான் 'ஷில்ட்ரான்': முன்வரிசை ஈட்டிகளின் இடைவெளியில் பின்வரிசை ஈட்டிகள் நீட்டிக்கொண்டிருக்க, கூட்டமாக நகரும் முள்வேலி. முந்தைய போர்களில் அது நின்ற இடத்தில் நின்றது, வில்லாளிகள் தூர நின்று சாய்த்துவிட்டார்கள். இங்கே புரூஸ் அதை நடக்க வைத்தார். ஆங்கில வில்லாளிகள் ஒரு பக்கம் அணிவகுத்தபோது ராபர்ட் கீத் தன் சிறு குதிரைப்படையோடு பாய்ந்து அவர்களைக் கலைத்துவிட்டார். அதன்பின் அந்தப் பெரும்படைக்கு விரிந்து நிற்க இடமே இல்லை. ஒரு பக்கம் பேனக் ஓடை, மறு பக்கம் பெல்ஸ்ட்ரீம் ஓடை, முதுகுக்குப் பின்னால் ஃபோர்த் ஆறு.

நடையின் கடைசியில் ஓடைக்கரையில் பத்து நிமிடமாவது நிற்கச் சொல்வேன். கோடையில் தண்ணீர் முழங்காலுக்குக்கூட வராத இடங்கள் உண்டு, சில எட்டில் தாண்டிவிடலாம் போலத் தோன்றும். தண்ணீரைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள். செங்குத்தான கரை, ஈரத்தில் வழுக்கும் மண். இரும்புச் சட்டை போட்டவன் பின்னாலிருந்து ஆயிரம் பேர் தள்ள இதற்குள் விழுந்தால் எப்படி ஏறுவான்? மூழ்கிய மனிதர்கள் மேலும் குதிரைகள் மேலும் கால் நனையாமல் ஓடையைக் கடக்க முடிந்தது என்று பார்பர் எழுதுகிறார். பாட்டில் மிகை இருக்கலாம்தான். ஆனால் அந்தக் கரையில் நின்று பார்த்தபின் எனக்கு அதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. முந்தைய நாள் "படைக்கு ஓய்வு கொடுப்போம்" என்று சொன்னதற்காக மன்னர் எட்வர்டிடம் துரோகிப் பட்டம் வாங்கிய ஆங்கிலத் தளபதி குளோஸ்டர் பிரபு, மறுநாள் முதல் ஆளாகப் பாய்ந்து செத்தார். வயது 23.

உங்கள் கணவரைப் பற்றி. மேடு, சரிவு, தாழ்நிலம், ஓடை என்று வட்டமாகச் சுற்றினால் தோராயமாக ஐந்தாறு கிலோமீட்டர், நின்று நின்று மூன்று மணி நேரம். மூட்டு வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் தொல்லை, அதுவும் மரவேர் நிறைந்த ஈரப்பாதை. அவர் மேட்டையும் பார்வையாளர் மையத்தையும் உங்களோடு பார்த்துவிட்டு, டாக்சியில் சுற்றி வந்து கீழே பள்ளிக்கூடப் பக்கம் சேர்ந்துகொள்ளட்டும். இதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொன்னால் ஏற்பாடு செய்வார். கைத்தடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை மையத்தில் உண்டு, கீழே எதிர்பார்க்காதீர்கள்.

எடின்பரோவிலிருந்து ஸ்டர்லிங்குக்கு ரயிலில் ஏறக்குறைய 50 நிமிடம், அங்கிருந்து களம் மூன்று கிலோமீட்டர் தெற்கே. பஸ்ஸும் டாக்சியும் உண்டு. மையத்தை நடத்துவது ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை. வழிகாட்டி நடை என்றைக்கு உண்டு என்பதை அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள். தனியாக ஒருவரை அமர்த்துவதானால் 'புளூ பேட்ஜ்' தகுதி பெற்றவரா என்று கேளுங்கள். அது பயிற்சியும் தேர்வும் முடித்தவர்களுக்குக் கிடைப்பது. ஜூன் 23, 24-ஐ ஒட்டி வந்தால் கூட்டம் இருக்கும், முன்பதிவு அவசியம்.

செருப்பு, புடவை இரண்டும் வேண்டாம். பிடிப்புள்ள ஷூ, சீக்கிரம் காயும் பேன்ட், தொப்பி வைத்த மழைக்கோட்டு. மேட்டில் காற்று குடையைத் திருப்பிவிடும். ஜூன் என்று நம்பி ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். உயரமான புல்லில் உண்ணி இருக்கும், பேரனுக்கு முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டு, இரவு குளிக்கும்போது காலைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடந்துகொண்டால் பிறர் நிலத்திலும் நடக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. பயிர் இருந்தால் வரப்போரம் போக வேண்டும், கேட்டை இருந்தபடியே விட்டுச் செல்ல வேண்டும். மண்ணில் பழைய இரும்போ நாணயமோ கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ள விடாதீர்கள். அங்கே கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது, எந்த இடத்தில் கிடந்தது என்பதும் ஆராய்ச்சிக்கு முக்கியம்.

பேரன் சினிமாவில் முகத்தில் நீலச்சாயம் பூசிய வீரர்களைப் பார்த்திருந்தால், 1314-இல் அப்படி யாரும் வரவில்லை, 'கில்ட்' என்ற மடிப்புப் பாவாடையும் அப்போது கிடையாது என்று முன்பே சொல்லி வையுங்கள்.

களத்தைக் காலையில் முடித்துவிட்டு, கோட்டையைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசைதான் சரி, ஏனென்றால் தோற்ற எட்வர்டும் அப்படித்தான் போனார். ஓடையிலிருந்து நேரே கோட்டை வாசலுக்கு. யாருக்காக அவ்வளவு தூரம் படை திரட்டி வந்தாரோ, அந்த மௌப்ரே கதவைத் திறக்கவில்லை. கோட்டை எப்படியும் ஸ்காட்டியர் கைக்குப் போகும், உள்ளே வந்தால் மன்னரும் சிறைப்படுவார் என்பது அவர் கணக்கு. எட்வர்ட் டன்பார் வரை குதிரையில் ஓடி, படகு பிடித்துத் தப்பினார். பிடிபட்ட ஹியர்ஃபோர்ட் பிரபுவைத் திருப்பிக் கொடுத்து, எட்டு ஆண்டாக இங்கிலாந்தில் சிறையிருந்த மனைவி எலிசபெத்தையும் மகள் மார்ஜரியையும் புரூஸ் மீட்டார். கோட்டையின் தெற்கு மதிலில் நின்றால் காலையில் நீங்கள் நடந்த இடம் முழுக்கக் கீழே தெரியும். மூடும் நேரத்துக்கு முன்பே நுழைவை நிறுத்திவிடுவார்கள், மூன்று மணிக்குள் மேலே ஏறிவிடுங்கள்.