ஓய்வுபெற்ற படைவீரர்களோடு ஜெய்ப்பூருக்குச் சுற்றுலா சென்றால் எப்படி இருக்கும்?

இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களோடு சுற்றுலா சென்ற அனுபவம் யாருக்கேனும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உண்டு. என் அப்பா மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரும் அவருடைய நண்பர்கள் ஐவரும் ஒரு டிசம்பர் மாதக் கடைசியில் ஜெய்ப்பூருக்குக் கிளம்பியபோது, கைப்பேசியில் டிக்கெட்டைக் காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு பேரில் ஐவர் காலாட்படை. ஒருவர் மட்டும் பீரங்கிப்படை. அவரை நான் பீரங்கி மாமா என்றுதான் சிறுவயதிலிருந்தே அழைப்பேன்.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இராணுவத்தில் எட்டு மணிக்கு ஃபால்-இன், அதாவது அணிவகுத்து நிற்க வேண்டும், என்று அதிகாரி சொன்னால், அவருக்குக் கீழே உள்ள சுபேதார் அதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக வரச் சொல்வார். அவருக்கும் கீழே உள்ள ஹவில்தார் தன் பங்குக்கு இன்னும் ஐந்து நிமிடம் முன்தள்ளுவார். அடுத்த படியில் உள்ள நாயக்கும் தன் பங்கைச் சேர்ப்பார். குழுவில் ஆறு பேரும் ஆறு பதவியில் இருந்தவர்கள் என்பதால், மாலை ரயிலுக்கு நாங்கள் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஜெய்ப்பூர் விடுதியிலும் இதே கதைதான். ஐந்தரை மணிக்குத் தேநீர் கேட்டு எழுப்பப்பட்ட விடுதிப் பையன், இரண்டாம் நாள் முதல் எங்கள் தளத்துக்கு வரும்போது தானாகவே விறைப்பாக நடந்தான்.

ஜெய்ப்பூரை 1727-இல் நிறுவியவர் இரண்டாம் சவாய் ஜெய்சிங். ஆனால் அந்த நகரம் இளஞ்சிவப்பு ஆனது அவர் காலத்தில் அல்ல. 1876-இல் இங்கிலாந்து இளவரசர் வருகிறார் என்பதற்காக அன்றைய மன்னர் ராம்சிங் ஊர் முழுவதற்கும் அந்த வண்ணத்தைப் பூசச் செய்தார் என்பது வரலாறு. வழிகாட்டி இதைக் கம்பீரமாகச் சொல்லி முடித்ததும், எங்கள் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். ஜெனரல் ஆய்வுக்கு வருகிறார் என்றால் முகாமில் உள்ள கல், மரத்தின் அடிப்பாகம், தீயணைப்பு வாளி என்று அசையாத அனைத்துக்கும் கேருவும் சூனாவும், அதாவது காவியும் சுண்ணாம்பும், இரவோடு இரவாகப் பூசியவர்கள் அவர்கள். "இது பிங்க் இல்லப்பா, கேரு. அந்தக் காலத்துலயும் நம்மள மாதிரி எவனோ ராத்திரியெல்லாம் அடிச்சிருக்கான்" என்று அப்பா சுவரைத் தடவிப் பார்த்துச் சொன்னார்.

ஹவா மஹாலில் அதிக நேரம் செலவிடவில்லை. 953 சாளரங்கள் இருந்தும் துப்பாக்கியை நீட்ட வசதியாக ஒன்றுகூட இல்லை என்பது எங்கள் குழுவில் சுபேதாராக இருந்தவரின் வருத்தம். அரசகுலப் பெண்கள் வெளியில் தெரியாமல் தெருவைப் பார்ப்பதற்காக 1799-இல் கட்டியது என்று நான் சொன்ன பிறகுதான் அவர் அதை மன்னித்தார்.

ஜெய்கர் கோட்டையில்தான் மாட்டிக்கொண்டோம். அங்கே ஜெய்வாணா என்ற பீரங்கி இருக்கிறது. 1720-இல் கோட்டைக்குள்ளேயே வார்த்தது. எடை ஏறக்குறைய 50 டன். குழல் மட்டும் 20 அடி. சோதனைக்காக ஒரே ஒருமுறை சுட்டதாகவும், குண்டு 35 கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்து அங்கே ஒரு குளமே உண்டானதாகவும் வழிகாட்டி சொன்னார். அதுவரை குரங்குக் குல்லாவுக்குள் அமைதியாக இருந்த பீரங்கி மாமா குல்லாவைக் கழற்றினார். "நம்ம ஆர்மியோட போஃபர்ஸ் பீரங்கியே சமவெளியில 24 கிலோமீட்டர்தான் சுடும். அது கூர்முனை ஷெல், இது உருண்டை. குண்டைச் சுழல வைக்கிற திருகுப் பள்ளமும் இந்தக் குழலுக்குள்ள கிடையாது" என்று தொடங்கி, உருண்டைக் குண்டை காற்று எப்படித் தடுக்கும் என்பதை ஒரு கொய்யாப்பழத்தை வைத்து விளக்கினார். வழிகாட்டி குளத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. காலாட்படைக்காரர்கள் ஐவரும், நண்பர் என்றும் பாராமல், வழிகாட்டியின் பக்கமே நின்றார்கள்.

மறுநாள், கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் காலையில், ஜந்தர் மந்தர் என்ற பழைய வானாய்வுக் கூடம். இதையும் கட்டுவித்தவர் அதே ஜெய்சிங்தான். அங்குள்ள சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரம். அதன் நிழல் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகரும். காலை நேரம் என்பதால் நிழல் மேற்குப் பக்க வளைவில் விழுந்திருந்தது. அப்பா குனிந்து அந்த நிழலின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது பளிங்கில் கீறியிருந்த ஒரு கோட்டைத் தொட்டு, தாண்டி, அடுத்த கோட்டுக்குப் போனது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. கடிகாரத்தில் சரியாகப் பத்து, யந்திரத்தில் 9.33.

யந்திரத்தில் பிழை இல்லை. நம் இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜெய்ப்பூரோ அதற்கு மேற்கே ஏறக்குறைய 6.7 பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 27 நிமிடம் பின்னால். இதோடு பருவத்துக்கேற்பச் சில நிமிடங்கள் கூடும் அல்லது குறையும் என்றாலும், டிசம்பர் கடைசியில் அந்த வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. இதை விளக்கியது என் தவறு.

அடுத்த நாள் ஆமேர் கோட்டைக்குச் செல்ல எட்டு மணிக்கு ஃபால்-இன். பீரங்கி மாமா வரவில்லை. 8.20-க்குத்தான் சாவகாசமாகப் படியிறங்கி வந்தார். சுபேதார் ஒன்றும் பேசாமல் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"ஜெய்ப்பூர் டைம் ஏழு அம்பத்து மூணு, சாப். ஏழு நிமிஷம் முன்னாடியே ரிப்போர்ட் பண்றேன்."

சுபேதார் மனத்துக்குள் கழித்துப் பார்த்தார்; கணக்கு சரியாகவே இருந்தது. என் பக்கம் திரும்பி, "தம்பி, திரும்புற ரயில் எந்த டைம்படி கெளம்பும்னு அவருக்குச் சொல்லி வை" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். ஊர் திரும்பும் நாளில் நாங்கள் இரண்டரை மணி நேரம் முன்னதாக ரயில் நிலையத்துக்குப் போனபோது, பீரங்கி மாமா ஏற்கெனவே தன் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.